ஒரே நாளில் மைசூர் அரண்மனை: சத்தியமங்கலம் வழியாகப் போய்த் திரும்புவோருக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி பக்கமிருந்து நண்பர்கள் எட்டுப் பத்துப் பேர் ஒரு வண்டி பிடித்து, வெடியக்காலம் கிளம்பி, மைசூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு வந்து சேரலாமா? தாராளமாகச் சேரலாம். அரண்மனை அந்த அலைச்சலுக்குத் தகுந்ததுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விளக்கு அலங்காரத்தையும் பார்த்துவிட்டு, அதே ராத்திரி திம்பம் மலைப்பாதையில் இறங்கி வந்துவிடலாம் என்று யாராவது திட்டம் போட்டால், அந்த வண்டியில் ஏறாதீர்கள். கணக்கு உதைக்கும்.

கணக்கு இதுதான். ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணிக்கு அரண்மனை முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகளை ஏற்றுவார்கள், முக்கால் மணி நேரம் எரியும். பார்த்துவிட்டுக் கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே 8 மணி ஆகிவிடும். அங்கிருந்து நஞ்சன்கூடு, சாமராஜநகர் தாண்டித் தமிழக எல்லையான காராப்பள்ளம் சோதனைச்சாவடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். வழியில் ஊருக்கு ஊர் வேகத்தடை இருப்பதால் 2 மணி நேரம் பிடிக்கும். ஆக, நீங்கள் சாவடிக்கு வரும்போது ராத்திரி 10. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் இந்தச் சாலையில் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கார், வேனுக்கும் ராத்திரி 9 முதல் காலை 6 வரை வழி கிடையாது. குண்டல்பேட்டை, பந்திப்பூர், ஊட்டி வழியாகச் சுற்றி இறங்கிவிடலாம் என்றால், அங்கும் இதே 9 முதல் 6 வரை அடைப்புதான். பெங்களூர், ஓசூர், சேலம் என்று சுற்றினால் வீடு சேர மறுநாள் பொழுது விடிந்திருக்கும். விளக்கு அலங்காரம் பார்க்க ஆசைப்பட்டால் மைசூரில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். ஒரே நாள்தான் என்றால் ஞாயிறையே விட்டுவிட்டுச் செவ்வாய், புதன், வியாழனில் போங்கள். கூட்டம் பாதிதான் இருக்கும், பார்க்க வேண்டியதை நின்று பார்க்கலாம்.

கிளம்பும் நேரத்தை வீட்டிலிருந்து கணக்குப் போடாமல், மலையடிவாரத்தில் சோதனைச்சாவடி இருக்கும் பண்ணாரியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். காலை 6 மணிக்குச் சாவடி திறக்கும்போது உங்கள் வண்டி பண்ணாரியில் நிற்க வேண்டும். அதற்குக் கோவை, திருப்பூர்க்காரர்கள் 4 மணிக்கும், ஈரோட்டுக்காரர்கள் நாலரைக்கும், கோபிக்காரர்கள் 5 மணிக்கும் கிளம்பினால் போதும். பண்ணாரி அம்மன் கோயிலில் கும்பிட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்துவது இந்த வழியில் போகிற எல்லோரும் செய்வது. அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பங்குனியில் குண்டம் திருவிழா நடக்கும் வாரத்தில் மட்டும் இந்தப் பயணமே வேண்டாம். சனக்கூட்டத்தில் பண்ணாரியைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.

பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இங்கே தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாரம் ஏற்றிய நீள லாரி வளைவில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் நின்றுவிடும். பின்சக்கரம் உள்பக்கச் சரிவில் மாட்டும், அல்லது ஏற்றத்தில் கியர் விழாது. அப்படி ஒரு லாரி நின்றுவிட்டால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சாவடி திறந்த கையோடு ஏறிவிட வேண்டும் என்பது. ஏறும்போது முன்னால் போகும் லாரிக்கு ஒரு வளைவு தூரம் விட்டே போங்கள். பின்னாலேயே ஒட்டிப் போனால், அது திரும்பப் பின்னுக்கு வரும்போது ஒதுங்க உங்களுக்கு இடம் இருக்காது. இறங்கி வரும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு நடுவில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் தினமும் உண்டு.

வாந்தி வரும் ஆட்கள் இருந்தால் வேனின் முன் இருக்கைகளை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். பின் அச்சுக்கு மேலே இருக்கும் கடைசி வரிசைதான் வளைவில் அதிகம் ஆட்டம் காணும். வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, பூரியும் பஜ்ஜியும் நிரப்பிய வயிற்றோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி, ஒரு நார்த்தங்காய்த் துண்டு வாயில், கண் வெளியே தூரத்தில். வளைவில் போனைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்குத்தான் முதலில் குமட்டும்.

வண்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சொந்த வெள்ளைப் பலகைக் கார் என்றால் கவலையில்லை. மஞ்சள் பலகை டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுத்தால், அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் கர்நாடக வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். அது யார் கணக்கில் என்பதை வாடகை பேசும்போதே முடித்துவிடுவது நல்லது. எல்லையில் வைத்துப் பேசினால் பயணத்தின் முதல் மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். வேன் வேண்டாம் என்கிறவர்களுக்கு இரு மாநில அரசுப் பேருந்துகளும் இந்த வழியில் ஓடுகின்றன. ஆனால் ஒரே நாளில் போய்வர நேரம் உங்கள் கையில் இருக்காது.

திம்பம் ஏறியதும் காற்றே மாறிவிடும். அங்கிருந்து ஆசனூர் வரை காடு, செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சாப்பாட்டை அவிழ்க்கிற இடம் இதுவல்ல. குரங்கு வரும், பின்னால் யானையும் வரலாம். ஆசனூரில் டீ குடித்துவிட்டு நேராகப் போனால் எட்டரைக்குச் சாமராஜநகர். கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றங்கரையில், ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த வழியில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் போகும்போது வேண்டாம், திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்குக் கதவு திறக்கும்போது அரண்மனையில் இருப்பதுதான் முக்கியம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அரண்மனையின் முகப்பு கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக அந்தச் சாம்பல் நிறக் கருங்கல்லிலும் இளஞ்சிவப்புக் கும்மட்டங்களிலும் விழும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், படமெல்லாம் கறுப்பாகத்தான் வரும். எனவே சீட்டு வாங்கியதும் உள்ளே ஓடாமல், முதலில் முன் மைதானத்தில் நின்று முகப்பைப் பார்த்துவிடுங்கள். நடு வளைவுக்கு மேலே கஜலட்சுமி சிற்பம் இருக்கிறது, 145 அடி உயரக் கோபுரம் அதற்குப் பின்னால் எழும்புகிறது. பொது வழி தெற்கே வராக வாசல். வண்டியைப் பொருட்காட்சித் திடல் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரலாம்.

வராக வாசலுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான ஸ்வேத வராகர் கோயில் உள்ளே நுழைந்ததுமே இருக்கிறது. பெரும்பாலோர் அரண்மனை அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படிப் போகலாகாது. இந்த மூர்த்தி நம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மைசூர் மன்னர் சிக்கதேவராஜ உடையார் காலத்தில் கொண்டுவரப்பட்டது. மத்தியானம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்துப் பேரும் தனித்தனியாக விட்டால் பத்து டோக்கன், திரும்பும்போது பத்து இடத்தில் தேடல். ஒரு பெரிய துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டு ஒரே டோக்கன் வாங்குங்கள். மாசி முதல் சித்திரை வரை வெளி முற்றக் கல் வறுசட்டி மாதிரி கொதிக்கும். காலுறை எடுத்துப் போனவர்கள் தப்பிப்பார்கள்.

உள்ளே பாதை ஒரே திசைதான். தாண்டியதைத் திரும்பிப் பார்க்கப் பின்னால் வரும் கூட்டம் விடாது. ஆகவே எங்கே நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது. முதலில் வருவது பொம்மைத் தொட்டி. நவராத்திரி கொலுப் பொம்மைகளை அடுக்கிய மண்டபம் இது. நம் பிள்ளைகள் இங்கே நின்றுவிடுவார்கள், ஆனால் பெரியவர்கள் தேட வேண்டியது தங்க அம்பாரியை. மரச் சட்டத்தின் மேல் ஏறத்தாழ 80 கிலோ தங்கத் தகடு போர்த்தியது, மொத்த எடை 750 கிலோ. அரசர்கள் காலத்தில் தசரா ஊர்வலத்தில் மகாராஜா இதில் அமர்ந்து போனார். இப்போது சாமுண்டீஸ்வரி போகிறாள்.

பிறகு ஆனை வாசல், அதைக் கடந்தால் கல்யாண மண்டபம். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இங்கே செலவழியுங்கள். எண்கோண மண்டபம், மேலே வண்ணக் கண்ணாடிக் கூரையில் மயில்கள். கீழே தரை ஓட்டிலும் மயிலின் அதே சாயல். கண்ணாடியும் அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்து கப்பலில் வந்தவை. ஏன் இரும்பு என்று கேட்பவர்களுக்கு விடை இந்த இடத்திலேயே இருக்கிறது. இதற்கு முன் இங்கே நின்ற அரண்மனை மரத்தால் ஆனது. 1897இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. கல்யாணத்தில் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டியவர்கள் கல்யாண மண்டபத்தை இரும்பிலும் கல்லிலும் நிறுத்தியதைப் பார்க்கும்போது அந்தக் குடும்பத்தின் பயம் புரிகிறது. கட்டி முடித்தது 1912இல். செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல்.

கட்டியவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் இவர் கைவண்ணம் உண்டு. எழும்பூரைப் பார்த்தவர்கள் இந்தக் கும்மட்டங்களைப் பார்த்ததும் ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே’ என்பார்கள்.

மண்டபச் சுவரைச் சுற்றித் தசரா ஊர்வலத்தை வரைந்த 26 ஓவியங்கள். புகைப்படங்களைப் பார்த்து வரைந்தவை என்பதால் முகங்கள் கற்பனை அல்ல. யானை, குதிரைப்படை, வாத்தியக்காரர்கள், அதிகாரிகள் என்று ஊர்வலம் போன வரிசையிலேயே போகும். ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றிக்கொண்டே வந்தால்தான் ஊர்வலம் நகர்வது தெரியும். நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறுகிறவர்களுக்கு வெறும் கூட்டப் படமாகத்தான் தோன்றும். ஓவியத்தின் தரைப் பகுதியையும், மேலே மாடிகளில் நின்று வேடிக்கை பார்க்கும் சனத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். வரைந்தவர்கள் அங்கேதான் ரசித்து உழைத்திருக்கிறார்கள்.

மாடியில் பொது தர்பார் மண்டபம். சுமார் 155 அடி நீளம், கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்தது. தூண் வரிசைகளின் ஊடே பார்த்தால் மைதானமும் அதற்கப்பால் சாமுண்டி மலையும் தெரியும். மன்னருக்குக் கிடைத்த காட்சி அதுதான். எல்லோரும் தூண்களின் சித்திரத்தையே பார்ப்பார்கள். நீங்கள் நடுவில் போய் வெளியே பாருங்கள்.

அடுத்த அம்பா விலாசம் சிறியது, ஆனால் கட்டடத்திலேயே மிக நுணுக்கமான வேலை இங்கேதான். தந்தம் இழைத்த ஈட்டி மரக் கதவுகள், வெள்ளிக் கதவுகள், பொன் பூசிய தூண்கள், தரையில் ஆக்ரா பாணியில் வண்ணக் கல் பதித்த பூவேலை. கூட்டம் தள்ளுவதால் ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு நிமிஷத்தைக் கதவுகளுக்குக் கொடுங்கள். தங்கச் சிம்மாசனத்தைத் தேடாதீர்கள், தசராவுக்குத்தான் அதைக் கோத்து வைப்பார்கள். தசராவில் போனால் பார்க்கலாமே என்று கேட்கலாம். அந்தப் பத்து நாட்களில் சில வேளைகளில் உள்ளே அனுமதியே இருக்காது. ஊரெல்லாம் சனம், ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது. மார்கழி தை மாதங்களில் கர்நாடகப் பள்ளிச் சுற்றுலாவும் ஐயப்பன் பேருந்துகளும் சேர்ந்துகொள்ளும். ஆடி, ஆவணி மாதத்து வார நாட்கள்தான் நிம்மதி.

இதற்கெல்லாம் இரண்டரை மணி நேரம் சரியாக இருக்கும். மாடிப்படி ஏற முடியாதவர்கள் குழுவில் இருந்தால், தர்பார் மண்டபம் பார்க்க முடியாமல் போகலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கொங்குக்காரர்கள் பலர் ‘நம்ம ஊரை ஆண்ட கோட்டை’ என்ற நினைப்போடு இங்கே வருகிறார்கள். அந்த நினைப்புக்கு உரிய இடம் இது அல்ல. நம் பகுதி மைசூர் அரசுக்குக் கீழே இருந்தது 1799 வரை. அந்த நாளில் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். 1790 செப்டம்பரில் திப்பு கெஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயப் படையோடு மோதியது அங்கிருந்து வந்துதான். 1799 மே 4இல் அவர் விழுந்ததும் அங்கேதான். மைசூரில் இப்போது நிற்பது அதற்கு நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, உடையார்கள் ஆங்கிலேயர் நிழலில் இருந்தபோது எழுந்த மாளிகை. அதன் கடைசி மன்னர் ஜெயசாமராஜ உடையார் பின்னாளில், 1964 முதல் 1966 வரை, நம் சென்னை மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தார். திப்பு, ஹைதர் அலி, அவர்களோடு நின்ற தீரன் சின்னமலை என்று வரலாறு தேடிப் போகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தையும் அவர் சமாதியான கும்பஸையும் பார்க்காமல் திரும்பினால் மனசு நிறையாது.

ஆனால் அரண்மனையும் ஸ்ரீரங்கப்பட்டணமும் ஒரே நாளில் வேண்டாம். மைசூரிலிருந்து பெங்களூர்ப் பக்கமாக 15 கிலோமீட்டருக்கு மேல், வீட்டுக்கு எதிர்த் திசை. போய், பார்த்து, திரும்பி நகரத்தைக் கடப்பதற்குள் மூன்று மணி நேரம் போய்விடும், காட்டுச் சாலையில் இருட்டில் வர நேரும். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். அரண்மனை முடிந்து நேரம் மிஞ்சினால் சாமுண்டி மலைக்கு வண்டியிலேயே போய், பெரிய நந்தியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சிவப்புச் சட்னி தடவிய மைசூர் மசால் தோசை எந்த நல்ல ஓட்டலிலும் கிடைக்கும். சாம்பாரில் வெல்லம் தட்டும், அது அந்த ஊர் வழக்கம். மைசூர் பாகு வாங்கினால், நம் கோவை மைசூர்பாவை எதிர்பார்க்காதீர்கள். அது நெய்யில் கரைகிற மெது வகை. இது துளை துளையாக, கடித்தால் பொரபொரவென்று உதிரும் பழைய பக்குவம். இரண்டும் வேறு வேறு பண்டம் என்று நினைத்துச் சாப்பிட்டால் இரண்டுமே ருசிக்கும். தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலையும் நஞ்சன்கூடு ரசபாளெ வாழையும் வாங்கலாம். மல்லிகை மட்டும், அது விளையும் சத்தியமங்கலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

மத்தியானம் இரண்டரைக்கு மைசூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், மூன்று தாண்டக் கூடாது. அப்படிக் கிளம்பினால் நஞ்சன்கூட்டில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, 5 மணிவாக்கில் காராப்பள்ளம் வந்துவிடலாம். அந்தச் சாவடிப் பக்கம்தான் இந்தச் சாலையின் மிக ஆபத்தான இடம். தாளவாடிப் பக்கமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளிலிருந்து உதிரும் கரும்புக்காக யானைகள் காத்து நிற்கும், சில நேரம் குட்டியோடு. முன்னால் யானை தெரிந்தால் நூறு மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், இறங்க வேண்டாம், படமெடுக்கக் கண்ணாடியைக்கூட இறக்க வேண்டாம். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றுவிட்டால் பின்னுக்கு வர வழி இருக்காது என்பதால், நிறுத்தும்போதே பின்னால் விளக்கைப் போட்டுக் காட்டுங்கள். குழுவில் யாராவது கரும்புத் துண்டோ பழமோ எறிந்தால் அப்போதே தடுத்துவிட வேண்டும். அப்படிப் பழகிய யானைதான் அடுத்த வண்டியை மறிக்கிறது.

திம்பம் இறங்கும்போது ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே 27 வளைவும் இறங்கினால் பத்தாவது வளைவுக்குள் தகடு சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும். கருகிய வாசனை வந்தால் சாலை அகலமான இடத்தில் ஒதுக்கி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்புத் தகடு கோணிவிடும். பொழுது இறங்குவதற்குள் பண்ணாரி வந்துவிட்டால், சத்தியமங்கலத்தில் நின்று ஒரு காபி குடித்துவிட்டு அவரவர் ஊர்ப் பக்கம் பிரியலாம்.